போர்வையில் ஒரே ஒரு வலது கை

மே மாதத்தில், நெய்வேலியில், பஞ்சு வைத்த போர்வை தைக்கலாம் என்று ஒருவர் சொன்னால் முதலில் அவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சொன்னது என் மகள். வளைகாப்பு முடிந்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு பிரசவத்துக்காக எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்திருந்தவள். ஒன்பதாவது மாதக்காரியை எதிர்த்துப் பேசுகிற அப்பன் எங்கள் பிளாக்கிலேயே கிடையாது. ஆகவே வாயை மூடிக்கொண்டு மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன்.

போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரே ஒரு வெள்ளைத் துணி. குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரும் உள்ளங்கையில் சாயம் பூசி அதன்மேல் அழுத்துகிறார்கள். பிறகு துணிக்கு அடியில் பஞ்சு வைத்து, சுற்றிலும் பழைய சேலைத் துண்டுகளால் ஓரம் கட்டி, குழந்தைக்குப் போர்வையாகத் தைத்துவிடுகிறார்கள். குழந்தை வளர்ந்த பிறகு எடுத்துப் பார்த்து, இது தாத்தா கை, இது அத்தை கை என்று அடையாளம் சொல்லுமாம். எங்கள் வீட்டில் என் கண்ணாடியையே அடையாளம் தெரியாமல் நாலு நாள் என் மனைவி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். இருந்தாலும் தலையாட்டினேன்.

மனைவிக்கோ யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் பிளாக் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவள். இரண்டாவது அறையில் எனக்கு முன்னால் குடியேறிய உரிமையோடு அவளுடைய தையல் மிஷின் நிற்கிறது. துணிக்கு அலமாரியைத் துழாவி, கல்யாணத்தன்று நான் கட்டிய வேட்டியை எடுத்தாள். "எப்படியும் இது இனிமே உங்க இடுப்பைச் சுத்தி வராது" என்று சொல்லி, என்னைக் கேட்காமலேயே கத்தரித்தாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த வேட்டி கட்டிய இடுப்பு எங்கே இருந்தது என்பது எனக்கே மறந்துவிட்டது.

சாயம் வாங்குகிற வேலை எனக்கு வந்தது. வடலூருக்குப் போய் ஒரு பெயிண்ட் கடையில், கையில் பூசுகிற பெயிண்ட் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். செவத்துக்குத் தெரியும், இரும்புக்குத் தெரியும், மரத்துக்குத் தெரியும், கைக்கு அடிக்கிறதாக இருந்தால் முதலில் ப்ரைமர் அடிக்கணுமா என்று என்னிடமே சந்தேகம் கேட்டார். நானும் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தேன். கடைசியில் பள்ளிக்கூடச் சாமான்கள் விற்கிற கடையில் துணிக்கு அடிக்கிற சாயம் கிடைத்தது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். துவைத்தால் போகுமா என்று கேட்டேன். போகவே போகாது என்று அந்தக் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். அந்த வார்த்தை அப்போது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

இந்தப் போர்வை எதற்காக என்பதை மகள் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். குழந்தைக்காக என்பது பாதிதான். மீதிப் பாதி அவளுடைய மாமியார்.

என் சம்பந்தியம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். முந்திரித் தோப்பும் நாலு பலாமரமும் அவர் கண்காணிப்பில்தான் காய்க்கின்றன. என் மகளும் அவர் மகனும் சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துத் தாங்களாகவே கல்யாணம் முடிவு செய்துகொண்டவர்கள். அந்த அம்மா எதிர்த்திருந்தால்கூடத் தேவலை. எதிர்த்தவர்களைச் சமாதானம் பண்ணலாம், காலில் விழலாம், எனக்குத் தெரிந்த நாலு ஜோக்கைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம். அவர் எதிர்க்கவில்லை. "அவனுக்குப் புடிச்சிருந்தா சரிங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து எங்களோடு அவர் நடத்தும் உறவு, பதிவுத் தபாலுக்கு ஒப்புகைச் சீட்டு வருவதுபோல ஒழுங்காக நடந்துவருகிறது. நாங்கள் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினால், அதே தூக்கில் முந்திரிப்பருப்பு திரும்பி வரும். நாங்கள் அதிரசம் அனுப்பினால் பலாச்சுளை வரும். வெறும் பாத்திரமாக ஒருநாளும் வந்ததில்லை. நன்றாக இருந்தது, இல்லை என்ற பேச்சும் வந்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தால் முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்வார். பஸ் வந்ததும் எழுந்து ஓட வேண்டியவர் மாதிரி. காபி பாதி குடிப்பார். என் மகளைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா, சாப்பிடுங்க, ஒடம்பப் பாத்துக்குங்க" என்பார். பேங்க் மேனேஜரிடம்கூட அவ்வளவு மரியாதையாகப் பேசுவாரா தெரியாது.

"அத்தை என்கிட்ட ஒரு தடவையாவது கோவப்பட்டா நல்லாருக்கும்பா" என்றாள் மகள், ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே. குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரிக்கு வருவார், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் பக்கத்தில் வைப்பார், பார்வையாளர் நேரம் முடிவதற்குள் கிளம்பிவிடுவார், அவ்வளவுதான் நடக்கும் என்று அவளுக்குப் பயம். அதனால் இந்தத் துணியில் மாமியாருடைய கை விழுந்தே ஆக வேண்டும். ஒரு தடவை கையில் சாயத்தை அப்பிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி நின்றுவிட்டால், பிறகு அந்த நாற்காலி நுனிக்குத் திரும்பிப் போக முடியாது என்பது அவள் கணக்கு. துணிக்கு நடுவில் அவருக்கென்று ஓர் இடத்தை விட்டு வைத்தாள். "அவங்க கை விழலன்னா தைக்கவே வேணாம்மா, மடிச்சு உள்ள வச்சிடு" என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டாள்.

நடு இடம் மாமியாருக்குப் போனதால் மற்றவர்களுக்கு இடம் பிரிப்பதில் கல்யாணப் பத்திரிகை அடிப்பது போன்ற சிக்கல்கள் வந்தன. யார் மேலே, யார் கீழே, பெண் வீட்டார் வலமா இடமா. சம்பந்திகள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்ததால், எங்கள் கைகளை சனிக்கிழமையே வைத்து உலர விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. எல்லாரும் வலது கையைத்தான் வைக்க வேண்டும் என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

காரணம் இருக்கிறது. நான் பிறவியிலேயே பீச்சாங்கைக்காரன். சாப்பிடுவது, எழுதுவது, காசு கொடுப்பது, பிரசாதம் வாங்குவது என்று நாலு பேர் பார்க்கிற வேலைகளுக்கெல்லாம் என் வலது கையை அடித்துப் பழக்கிவிட்டார்கள். யாரும் கவனிக்காத வேலைகளை இடது கை இன்றுவரை தன் இஷ்டத்துக்குச் செய்துகொண்டிருக்கிறது. தாழ்ப்பாள் திறக்கும், கல் எறியும், கொசு அடிக்கும். கல்யாணமான மறுநாளே, கொசு அடித்த விதத்தில் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். பிறந்த வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மைன்ஸில் முதல் ஷிப்ட் முடித்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். மகள் வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு பச்சையில் கை வைத்தாள். மனைவி சிவப்பு. சென்னையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளைக்கும் சிவப்பு. எனக்கு நீலம். தட்டில் நீலச் சாயத்தை ஊற்றி என் முன்னால் வைத்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. அம்மாவும் மகளும் சமையலறைக்குள் ஓடி, யார் அடுப்பைச் சிம்மில் வைக்க மறந்தது என்ற விசாரணையில் இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை கையைக் கழுவப் போயிருந்தார். அப்போதுதான் என் போன் அடித்தது. ஷிப்ட் இன்சார்ஜ். நைட் ஷிப்டுக்கு ஆள் குறைகிறது, வர முடியுமா என்று கேட்பதற்காக முதலில் என் மகளின் உடல்நலத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இடது காது மைன்ஸ் மிஷின் சத்தத்திலேயே பாதி போய்விட்டது. போனை வலது கையால் வலது காதில்தான் வைத்தாக வேண்டும். பேசிக்கொண்டே இருந்தேன். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இந்த வாரம் வேண்டாம் சார் என்று நான் மேலே கெஞ்சிக்கொண்டிருக்க, கீழே சும்மா இருந்த கை சும்மா இருக்கப் பிடிக்காமல் தட்டில் இறங்கி, நன்றாகப் புரண்டு, துணியில் போய் அழகாக உட்கார்ந்துவிட்டது.

போனை வைத்த பிறகுதான் பார்த்தேன். இடது கை நீலமாக இருந்தது. வலது கை போனைப் பிடித்தபடி மாசுமறுவில்லாமல் இருந்தது.

"வச்சாச்சா?" என்று மனைவி உள்ளேயிருந்து வந்தாள். வச்சாச்சு என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். குனிந்து பார்த்தவள், எல்லாருடையதையும்விட உங்களுதுதான் நல்லா விழுந்திருக்கு என்றாள். என் தையல்காரியின் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு இதற்கு முன் எப்போது வந்தது என்று யோசித்தபடியே பின்பக்கமாக நடந்து குளியலறைக்குப் போய்ச் சேர்ந்தேன். நாலு தடவை சோப்புப் போட்டேன். கடைக்காரர் சொன்னது சத்தியமான வார்த்தை. நகக்கண்ணில் நீலம் அப்படியே நின்றது. அன்று முழுக்க இடது கையை லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதிந்ததை யாரால் கண்டுபிடிக்க முடியும், கை என்றால் ஐந்து விரல்தானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு பலாப்பழம். அதைத் தூக்கி வந்தது சம்பந்தி. அவர் அதிகம் பேசாத மனிதர். அவருடைய அகராதியில் இருப்பது "ஆமாங்க" மட்டும்தான். பலாப்பழத்தை உள்ளே வைத்ததும் சம்பந்தியம்மா முதல் உத்தரவைப் போட்டார். இது ஒங்களுக்கும் ஒங்க வீட்டம்மாவுக்கும், புள்ளத்தாச்சி ஒரு சுளைகூட வாயில வைக்கக் கூடாது. ஒரு பழத்தைக் கொடுத்துக்கொண்டே மறுக்கவும் அவரால் முடிந்தது. மகள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

துணியை முன்னறையில் குறுக்கே கம்பி கட்டி கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தோம். மகள் ராத்திரியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பேச்சைப் பேசினாள். பிறக்கிற குழந்தைக்கு எல்லாருடைய ஆசீர்வாதமும் கூடவே இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கைகள், நீலம் அப்பா, பச்சை நான், சிவப்பு ரெண்டும் அம்மாவும் இவரும், நடுவில் அத்தைக்கு இடம் விட்டிருக்கிறேன் என்று மூச்சுப் பிடித்துச் சொல்லி முடித்தாள். சம்பந்தியம்மா நாற்காலி நுனியிலிருந்து, "வச்சிட்டாப் போச்சுங்க" என்றார். மகள் முகத்தில் ட்யூப்லைட் எரிந்தது. அவசர அவசரமாகச் சம்பந்தியின் வலது கையை வாங்கி அதில் பச்சையைப் பூசி முடித்தாள். அடுத்து மஞ்சளை ஊற்ற ஆரம்பித்தாள்.

சம்பந்தியம்மா எழுந்து துணி அருகே போனார். பார்த்தார். தன் வலது கையைத் தூக்கி, ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி எங்கள் பக்கம் காட்டி, துணியில் இருந்த கைகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பது தெரிந்தது. இடது கையை லுங்கிக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"என்னங்க இது, எல்லாரும் பீச்சாங்கையில வச்சிருக்கீங்க" என்றார்.

எல்லாரும்?

"சம்பந்தி ஒருத்தருதான் மொறையா சோத்துக்கையில வச்சிருக்காரு."

நான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை. என்னைத்தான் சொல்கிறார். துணியைப் பார்த்தேன். பகவானே என்று இருந்தது. மற்ற மூன்று கைகளிலும் கட்டைவிரல் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. என் கை ஒன்றில்தான் கட்டைவிரல் வலது பக்கம். யாரோ நம் எதிரில் நின்று வலது கையைத் தூக்கி ஆசீர்வதிப்பது போலவே என் நீலக் கை கம்பீரமாக நின்றது. மற்றவர்கள் எல்லாரும் குழந்தையை இடது கையால் ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி கொதித்துப் போனாள். நாங்க வலது கையிலதாங்க வச்சோம், நான் முன்னாடி நின்னு பார்த்துப் பார்த்து வச்சேங்க என்று தன் கையையும் மகள் கையையும் நீட்டினாள். நீட்டிய கைகளைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சம்பந்தியம்மா சொல்வதுதான் சரியாக இருந்தது. உள்ளங்கையைத் திருப்பினாள், பிறகு கையைத் தலைகீழாக்கினாள். ஐந்து நிமிடத்துக்கு எங்கள் முன்னறையில் எல்லாரும் கையை நீட்டியும் திருப்பியும் நின்றது, கைரேகை ஜோசியர் பாதியில் எழுந்து போய்விட்ட இடம் போல இருந்தது.

மாப்பிள்ளை இஞ்சினியர். அவர் புரிந்துகொண்டார். "அம்மா, அது கண்ணாடி மாதிரிம்மா. கை திரும்பித்தான் விழும்" என்றார்.

"ஏன்டா, ஒங்க மாமனாரு கை மட்டும் திரும்பலியா?"

மாப்பிள்ளை துணிக்குக் கிட்டே போனார். என் கையையே உற்றுப் பார்த்தார். பிறகு, மாமா ஒருவேளை துணியின் பின்பக்கத்திலிருந்து வைத்திருப்பார், அது ஊறி முன்னால் தெரிகிறது என்று ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. இஞ்சினியரிங் எவ்வளவு செலவு செய்து படித்தாலும் மாமனார் என்று வந்துவிட்டால் பயன்படுவதில்லை.

நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியது அந்த இடத்தில்தான். சொல்லவில்லை. ஏனென்றால் சம்பந்தியம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. இத்தனை வருடத்தில் என் கைக்கு யாராவது மரியாதை கொடுத்திருக்கிறார்களா? பள்ளிக்கூடத்தில் பிரம்பு வாங்கிய கை. பந்தியில் ஒளித்து வைக்கப்பட்ட கை. அதை ஒரு முத்தாண்டிக்குப்பத்து அம்மா வலது கைகளுக்கு உதாரணமாகக் காட்டுகிறார். சம்பந்திக்கு மொதல்ல காபி குடுங்க என்று அவர் சொன்னபோது நான் வாங்கிக் குடித்தேன். வலது கையால்தான் வாங்கினேன். இடது கை லுங்கிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு சம்பந்தியம்மா நாற்காலி நுனிக்குத் திரும்பிப் போனார். "நான் அப்புறமா வைக்கிறங்க. கொழந்த நல்லபடியா பொறக்கட்டும், பாத்துக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வழக்கம்போல மரியாதையாகச் சொன்னார். அவர் பாத்துக்கலாம் என்று சொன்ன எதையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

மகள் சாயப் புட்டியைக் கீழே வைத்தாள். சரிங்க அத்தை என்று சொல்லி, மஞ்சள் சாயத்தின் மூடியைத் தேடி எடுத்து மூட ஆரம்பித்தாள். அது சரியாக மாட்டவில்லை. மறுபடி மறுபடி திருகினாள். பிறகு ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டு துணியின் கிளிப்புகளைக் கழற்றப் போனாள். மனைவி என்னைப் பார்த்தாள், ஏதாவது செய்யுங்க என்கிற பார்வை. எப்போதும் ஏதாவது பேசுங்க என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டியிருந்ததில்லை, போதும் நிறுத்துங்க என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை. காபி வேறு ஆறிப்போயிருந்தது.

கிளிப்பைக் கழட்டாதே என்றேன். தரையில் கிடந்த செய்தித்தாளை சம்பந்தியம்மாவின் காலடியில் விரித்தேன். சிவப்புச் சாயத்தை என் வலது கையில் கொட்டித் தேய்த்தேன்.

"இது எந்தக் கைங்க?" என்று அவரிடம் காட்டினேன்.

"சோத்துக்கைங்க."

செய்தித்தாளில் வைத்து அழுத்தி எடுத்தேன். குனிந்து பார்த்தார். கட்டைவிரல் இடது பக்கம். மனைவியின் கை போலவே, மகளின் கை போலவே. தாளை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். என் கையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். தலையை மெதுவாக ஆட்டினார். மாப்பிள்ளை, நான் சொன்னேன்ல என்று ஆரம்பித்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. ஏனென்றால் சம்பந்தியம்மாவின் தலை துணிப் பக்கம் திரும்பி, என் நீலக் கையில் வந்து நின்றிருந்தது.

"அப்ப இது?" என்றார்.

நான் லுங்கியிலிருந்து இடது கையை வெளியே எடுத்தேன். நகக்கண் நீலம் எல்லாருக்கும் தெரிந்தது.

மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. தலையில் கையை வைத்துக்கொண்டாள். ஏங்க, உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேனே, குழந்தை போர்வையில போய் இப்படிப் பண்ணுவீங்களா, இத்தனை நேரம் காபி வேற குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே என்று ஆரம்பித்தாள். கத்தரிக்கோலை எடுத்து வந்து, அந்த இடத்தை வெட்டிவிட்டு வேறு துணி ஒட்டுப் போடுவேன் என்று நின்றாள். பறிமுதல் செய்யப்பட்டது போல என் கை துணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. முதலில் சம்பந்தியம்மாவுக்குப் புரையேறிவிட்டதாக நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அவர் சிரித்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. சம்பந்திகூட ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"நெஜமாவே பீச்சாங்கைங்களா சம்பந்தி?"

"பொறந்ததுலேருந்துங்க" என்றேன்.

"இத்தினி நாளு நம்ம வூட்டுல வந்து எப்பிடிங்க ஒளிச்சு வச்சிக்கினு இருந்தீங்க?"

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் மறுபடி சிரித்தார். பிறகு எழுந்து வந்து என் மனைவியின் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி ஜன்னல் ஓரமாக வைத்தார். நல்ல துணியை எதற்கு வெட்ட வேண்டும், அதற்கு வேறு வழி இருக்கிறது என்றார். என் மகள் பக்கம் திரும்பி, "அந்த மஞ்சள எடும்மா. சீக்கிரம்" என்றார்.

மகள் தட்டை எங்கே வைத்தோம் என்று தெரியாமல், சாயத்தை நேராக அவர் உள்ளங்கையிலேயே கொட்டினாள். நிறையக் கொட்டிவிட்டாள். சம்பந்தியம்மா இரண்டு கையையும் தேய்க்காமல் வலது கையில் மட்டும் பரப்பிக்கொண்டார். நடுவில் இடம் அங்க இருக்கு அத்தை என்று மகள் காட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அது புள்ளைக்கு இருக்கட்டும், பொறந்து வந்து வைக்கட்டும் என்றார். நேராகப் போய் என் நீலக் கையின்மேல், விரலுக்கு மேல் விரல் வைத்துத் தன் மஞ்சள் கையை அழுத்தினார். முந்திரிக்கொட்டை உடைத்துப் பழகிய கை. துணிக்குப் பின்னால் மாப்பிள்ளை கையைக் கொடுத்துத் தாங்கவில்லையென்றால் கம்பியே அறுந்திருக்கும்.

எடுத்தபோது, என் கையும் இல்லை, அவர் கையும் இல்லை. பாதி பச்சை, பாதி மஞ்சள், ஓரங்களில் நீலம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டைவிரல். அப்படியொரு கையோடு யாராவது வந்தால் எங்கள் மைன்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளவே யோசிப்பார்கள். சம்பந்தியம்மா இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "இப்ப சரியாப் போச்சு. கேட்டா ரெண்டு பேரு கையின்னு சொல்லிக்கலாம்" என்றார்.

அப்போதுதான் ஒரு இருமல் கேட்டது. சம்பந்தி. மகள் ஆரம்பத்திலேயே பச்சை பூசிவிட்ட அவருடைய வலது கை, நடந்த பேச்சுவார்த்தை முழுவதும் டிராபிக் போலீஸ் மாதிரி தூக்கியபடியே இருந்திருக்கிறது. சாயம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. அவரைத் துணிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினோம். அழுத்தினார். ஒன்றும் விழவில்லை. மறுபடி அழுத்தினார். ஒரே ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது.

"நான் வேணா அந்தக் கைய வைக்கட்டுங்களா?" என்று இடது கையைக் காட்டினார். எங்கள் வீட்டில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

மகளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, வளையலெல்லாம் கலகலக்கச் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முயன்றாள், சம்பந்தியின் இடது கையைப் பார்த்ததும் மறுபடி சிரித்தாள். கண் மூக்கெல்லாம் தண்ணீர்.

சம்பந்தியம்மா சட்டென்று திரும்பினார். "ஏ, நிறுத்து மொதல்ல. நெறமாசக்காரி இப்பிடியா குலுங்குவ? புள்ள உள்ள என்னா நெனைக்கும்? அறிவிருக்கா ஒனக்கு, உக்காரு அப்பிடியே" என்று தோளைப் பிடித்து அழுத்தி அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, நீங்க என்னாங்க பாத்துக்கினு நிக்கிறீங்க, பழத்த அறுங்க என்று என்னை விரட்டினார். புள்ளத்தாச்சி சுளையைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அடுத்த எச்சரிக்கையும் வந்தது. மகள் தலையைத் தலையை ஆட்டினாள். திட்டு வாங்கிக்கொண்டு ஒருத்தி அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை.

அவர்கள் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் மனைவி கவனித்தாள். மகள் போட்டிருந்த வெள்ளைச் சுடிதாரின் தோளில், பளிச்சென்று ஒரு மஞ்சள் கை. உடனே கழட்டு, இப்பவே ஊற வச்சாப் பாதியாவது போகும், புதுசு என்று பரபரத்தாள். வேணாம்மா, இருக்கட்டும் என்றாள் மகள். வேறு உடை மாற்றிக்கொண்டு, அந்தச் சுடிதாரை மட்டும் தனியாகக் கொடியில் போட்டாள்.

அது எந்தக் கை என்று கட்டைவிரலைப் பார்த்துச் சொல்லலாம் என்று நான் கிட்டப் போனேன்.

"உன் கையை வச்சிக்கிட்டு சும்மா இருப்பா" என்றாள்.